நெஞ்சில் பேட்டரி வைத்தால் பிள்ளைக்கு வலிப்பு நிற்குமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன், விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள். மன்னார்குடிப் பக்கம் ஊர், பையனுக்கு ஏழு வயது. ரெண்டு வயதில் ஆரம்பித்த வலிப்பு. இப்போது வால்புரோயேட், லெவெடிராசெட்டம், க்ளோபஸாம் என்று மூன்று மருந்து ஓடுகிறது. அப்படியும் ஒரு நாளில் நாலைந்து தடவை நின்ற இடத்தில் தொப்பென்று விழுகிறான், நெற்றியில் ஒரு தையல் ஆறுவதற்குள் அடுத்த தையல், ராத்திரி தூக்கத்தில் உடம்பு விறைக்கிறது. தஞ்சாவூரில் பார்க்கிற டாக்டர் விஎன்எஸ் (வேகஸ் என்ற கழுத்து நரம்பைத் தூண்டுகிற) கருவி வைப்பதைப் பற்றி வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றிருக்கிறார். மாமியார் "பச்சைப் பிள்ளை நெஞ்சுக்குள்ள கரண்ட் வைக்கிறதா" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து "கடன் வாங்கியாவது வச்சிடு" என்கிறார். நடுவில் நீங்கள்.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்துக்காரன், வலிப்பு நோய்ப் பிரிவில் ஈஇஜி (மூளை அலைப் பதிவு) எடுக்கிற வேலை. கருவி வைத்த பிள்ளைகளை வைப்பதற்கு முன்னும் வைத்த பின் வருஷக்கணக்கிலும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் மருந்தைக் கூட்டு, குறை என்று எதுவும் சொல்ல மாட்டேன். என் பதில் இதுதான்: வலிப்பு நிற்கும் என்று எதிர்பார்த்து வைக்காதீர்கள், குறையும் என்று எதிர்பார்த்து வைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் "இந்தப் பையனுக்கு மூளையில் ஆபரேஷன் செய்து வலிப்பையே நிறுத்த வழி இருக்கிறதா" என்ற கேள்விக்கு யாராவது சோதனை செய்து பார்த்து, இல்லை என்று எழுதித் தந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கருவி என்னவென்று மாமியாருக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறேன். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், வயிறு வரைக்கும் போகிற ஒரு நரம்பு இருக்கிறது, வேகஸ் என்று பெயர். இடது கழுத்தில் அந்த நரம்பைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் மாட்டுவார்கள். அந்தக் கம்பி தோலுக்கு அடியிலேயே ஓடி, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில் வைத்திருக்கிற சின்ன பேட்டரிப் பெட்டியில் சேரும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது, ஒல்லியானது. அது நாள் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காமல், வழக்கமான கணக்கில் 30 விநாடி நரம்பைத் தூண்டும், 5 நிமிஷம் சும்மா இருக்கும், மறுபடி 30 விநாடி. மின்சாரம் மில்லி ஆம்பியர் கணக்கு. வீட்டுக் கரண்ட்டோடு அதை ஒப்பிடவே முடியாது. மூளையை யாரும் திறப்பதில்லை, மண்டை ஓட்டைத் தொடுவதே இல்லை. இதைச் சொன்னாலே பாதி பாட்டிகள் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இடது பக்கம் ஏன் என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. வலது வேகஸ் இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கிற முடிச்சுக்கு அதிகமாகப் போகிறது, அதைத் தூண்டினால் துடிப்பு குறையும் ஆபத்து கூடுதல். அதனால் இடது. வேகஸின் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு உடம்பிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. அந்தப் பாதை மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து நார்அட்ரினலின் சுரக்கிற பகுதி வரை எட்டுகிறது. அது எப்படி வலிப்பை அடக்குகிறது என்பது இன்றுவரை முழுசாகப் பிடிபடாத விஷயம்.

புது விஷயமும் இல்லை இது. 1880களிலேயே அமெரிக்காவில் கார்னிங் என்ற நரம்பியல் மருத்துவர் கழுத்தை வெளியிலிருந்து அழுத்தி, மின்சாரம் கொடுத்து வலிப்பை அடக்கப் பார்த்தார், எடுபடவில்லை. பிறகு ஃபிலடெல்ஃபியாவில் ஜேக்கப் ஜபாரா நாய்களில் சோதித்துக் காட்ட, 1988இல் முதல் மனிதருக்கு வைத்தார்கள். ஐரோப்பாவில் 1994இல் அனுமதி. அமெரிக்காவில் 1997இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கிடைத்தது, 2017இல் அதை 4 வயது வரை இறக்கினார்கள். ஆகவே உங்கள் பையனைப் பரிசோதனை எலியாக்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் விட்டுத்தள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: சரியாகத் தேர்ந்தெடுத்த ரெண்டு மருந்து, போதுமான அளவில், ஒழுங்காகக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அந்தப் பெயர். 2010இல் உலக வலிப்பு அமைப்பு வகுத்தது. ஏன் ரெண்டோடு நிறுத்தினார்கள்? கிளாஸ்கோவில், அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்டார்கள்: முதல் மருந்திலேயே நூற்றுக்கு 47 பேருக்கு நின்றது, ரெண்டாவதில் இன்னும் 13 பேருக்கு, அதற்குப் பிறகு எத்தனை மாற்றினாலும், சேர்த்தாலும் 4 பேருக்குத்தான். நாலாவது, ஐந்தாவது மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குப் பத்து வயதாகிவிடுகிற கதை நம் பக்கம் ஏராளம். அதை நான் டாக்டர்கள் மேல் மட்டும் போட மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிற வீடுகளும் உண்டு.

"சரியாகத் தேர்ந்தெடுத்த" என்ற வார்த்தையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வகை வலிப்புக்குச் சில மருந்து எரிகிற கொள்ளியில் எண்ணெய். ட்ராவே என்றொரு மரபணு வகை, அதற்கு கார்பமஸெபின், ஃபெனிடாயின் கொடுத்தால் கூடும். வெறித்துப் பார்த்து நிற்கிற வகைக்கும், கை உதறுகிற வகைக்கும் கார்பமஸெபின் ஆகாது. இன்னும் சில பிள்ளைகளுக்கு வலிப்பே இல்லை, அழுது மூச்சை அடக்கி மயங்குவதை வலிப்பென்று நினைத்து வருஷக்கணக்கில் மருந்து கொடுத்திருப்பார்கள். வேறு சிலருக்கு மருந்து சரி, ஆனால் கோயில் திருவிழா, கல்யாணம், ஊருக்குப் போவது என்று வாரத்தில் ரெண்டு வேளை விட்டுப்போகும். இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் அடங்காத வலிப்பு என்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் மருந்து தவறுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன்.

இதைத் தீர்மானிக்க முக்கியமான சோதனை வீடியோ ஈஇஜி. அரை மணி நேரம் எடுத்துத் தருகிற சாதாரண ஈஇஜி போதாது. பிள்ளையை ஒரு நாளோ, ரெண்டு மூன்று நாளோ வார்டில் வைத்து, தலையில் கம்பிகளோடும் மேலே கேமராவோடும், வலிப்பு வருகிற வரை காத்திருந்து பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் முதலில் பொறி கிளம்புகிறது, அந்த நொடியில் உடம்பு என்ன செய்கிறது என்று ரெண்டையும் சேர்த்துப் பார்ப்பது. இதற்கு வரும்போது ஒரு உதவி செய்யுங்கள். நம் பக்கத்து அம்மாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று பிள்ளைக்கு உச்சி குளிர எண்ணெய் வைத்து, படிய வாரி, விபூதியும் வைத்து அழைத்து வருவார்கள். எண்ணெய்த் தலையில் எங்கள் பசை ஒட்டாது. இருபத்திச் சொச்சம் இடத்தில் தோலைத் தேய்த்துத் தேய்த்து ஒட்ட வேண்டும், பிள்ளை கத்தும், ஒட்டினது தூக்கத்தில் நழுவும், திரையில் மூளை அலைக்குப் பதிலாகக் கோடு கோடாகக் குப்பை வரும். முந்தின நாள் ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து, எண்ணெய் தொடாமல் கூட்டி வாருங்கள். விபூதி இருக்கட்டும், அது நெற்றியில் ஓரமாக ஒத்துப்போகும்.

அதோடு வலிப்புக்கென்று தனி முறையில் எடுக்கிற எம்ஆர்ஐ, முடிந்தால் 3 டெஸ்லா (காந்த வலு அதிகமான) கருவியில். ரெண்டு வயதில் எடுத்த எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் மூளையின் வெண்பொருள் முதிர்ந்திருக்காது, சின்னக் கோளாறுகள் ஒளிந்துகொள்ளும். இப்போது மறுபடி எடுக்க வேண்டும். கருவி வைப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் வைத்த பிறகு எம்ஆர்ஐ எடுக்க நிபந்தனைகள் உண்டு, கருவியை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், எல்லா ஸ்கேன் சென்டரிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டி, அந்த இடத்தை எடுத்தால் பேச்சுக்கோ கை காலுக்கோ பெரிய நஷ்டம் இல்லை என்றால், ஆபரேஷன்தான் முதல் வழி. டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்கு மருந்து மட்டும் என்று ஒரு வருஷம் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு வலிப்பு அடியோடு இல்லை, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 பேருக்குத்தான். அதே ஆய்வில் ஆபரேஷன் ஆனவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு ஒரு பக்கம் பலவீனம் மாதிரியான கடுமையான விளைவுகளும் வந்தன, சிலது முன்கூட்டியே எதிர்பார்த்தது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் அந்த எண்களுக்குப் பக்கத்தில் எந்த நரம்புத் தூண்டல் கருவியும் வராது. அதனால்தான் ஆபரேஷனுக்குத் தகுதி இருக்கிற பிள்ளைக்கு, பயத்தாலோ சுலபம் என்பதாலோ முதலில் விஎன்எஸ் வைத்துவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்கே போவது? நமக்கு எட்டுகிற தூரத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட் (1995இலிருந்து வலிப்பு ஆபரேஷன் செய்கிறார்கள்), வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ். சென்னையிலும் செய்கிற இடங்கள் உண்டு. உங்கள் டாக்டரிடமே "வலிப்பு ஆபரேஷன் முன்பரிசோதனைக்குக் கடிதம் தாருங்கள்" என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார்.

இனி உங்கள் பையன் விஷயம். நின்றபடி விழுவது, தூக்கத்தில் விறைப்பது, சின்ன வயதில் ஆரம்பம், மூன்று மருந்துக்கும் அடங்காதது: இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் சீட்டில் எங்காவது "லெனாக்ஸ்-காஸ்டோ" (சின்ன வயதில் வருகிற ஒரு கடுமையான வலிப்பு வகை) என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். அதுதான் என்று நான் சொல்லவில்லை. அந்த வகையில் பெரும்பாலும் மூளையின் பல இடங்களிலிருந்து பொறி கிளம்பும், வெட்டி எடுக்க ஓரிடம் இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் விஎன்எஸ் அதிகமாக வைக்கிறார்கள். தொப்பென்று விழுவது மட்டுமே பெரிய தொல்லை என்றால், மூளையின் ரெண்டு பாதியையும் இணைக்கிற பாலத்தை வெட்டுகிற ஆபரேஷன் ஒன்று உண்டு. விழுகிற வலிப்புக்கு அது விஎன்எஸ்ஸை விட நன்றாகக் கேட்கிறது, ஆனால் மண்டையைத் திறக்க வேண்டும். பல டாக்டர்கள் முதலில் விஎன்எஸ், போதாவிட்டால் அது என்று போவார்கள்.

கருவிக்கு முன் இன்னொன்றும் கேளுங்கள், சாப்பாட்டு வைத்தியம். கீட்டோ. கொழுப்பை ஏற்றி மாவுச்சத்தை ஒடுக்கிவிடுவது. கொஞ்சம் தளர்ந்த வகையில்கூட ஒரு நாளைக்கு 10 முதல் 20 கிராம் மாவுச்சத்துதான், ரெண்டு இட்லியில் முடிந்துபோகும். நெல் விளைகிற ஊரில் பிள்ளைக்குச் சோறு போடாதே என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் முட்டை, மீன், நெய், தேங்காய், பன்னீர், கீரை என்று ஓட்டிக்காட்டிய வீடுகள் டெல்டாவிலேயே இருக்கின்றன. சில பிள்ளைகளுக்குக் கருவியைவிட நன்றாக வேலை செய்கிறது. டாக்டரும் டயட்டீஷியனும் இல்லாமல் யூடியூப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், சில வளர்சிதை மாற்றக் கோளாறுகளில் அது உயிருக்கே ஆபத்து. இருமல் சிரப்பில் இருக்கிற சர்க்கரைகூடக் கணக்கைக் கெடுக்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு விஎன்எஸ்தான் என்று முடிவானால், எதிர்பார்ப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்று ரெண்டு வருஷத்தில் வலிப்பின் எண்ணிக்கை பாதியோ அதற்கு மேலோ குறைகிறது. முழுசாக நிற்பது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மிச்சமுள்ளவர்களில் சிலருக்குக் கொஞ்சம் குறையும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான வழி இல்லை. மாத்திரை தொடரும், கருவி வைத்த அன்றே மாத்திரையை நிறுத்துகிற பேச்சே கிடையாது. மூன்று மாதத்தில் "ஒன்னும் தெரியலையே" என்று வருகிற அப்பாக்களிடம் நான் சொல்வது, இது வருஷக் கணக்கில் ஏறுகிற பலன், ரெண்டாம் ஆடிக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாவிட்டாலும், வலிப்பு வந்த பிறகு சீக்கிரம் எழுந்துவிடுகிறான், பகலில் முகம் தெளிவாக இருக்கிறது என்று சொல்கிற அம்மாக்கள் உண்டு. அதை ஈஇஜியில் என்னால் காட்ட முடியாது, ஆனால் அம்மா சொன்னால் நான் எழுதி வைத்துக்கொள்வேன்.

ஆபரேஷன் பொது மயக்கத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். கழுத்தில் மடிப்போடு ஒரு சின்னக் கீறல், நெஞ்சிலோ அக்குள் ஓரத்திலோ இன்னொன்று. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கருவியைப் பெரும்பாலும் அன்றே இயக்குவதில்லை, புண் ஆறட்டும் என்று ரெண்டு வாரம் விடுவார்கள்.

இயக்குகிற நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்து வருகிறவர்கள் அங்கேதான் சமாதானமாகிறார்கள். பிள்ளை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும். சட்டைக்கு மேலேயே ஒரு கைக்கருவியை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார்கள், பக்கத்தில் டேப்லெட். ஊசி இல்லை, ஒன்றுமில்லை. முதலில் கம்பி சரியாக இருக்கிறதா என்று மின்தடை பார்ப்பார்கள், அப்புறம் 0.25 மில்லி ஆம்பியரில் ஒரு தூண்டல். ஒரு சின்னப் பெண், பட்டுக்கோட்டைப் பக்கம், அந்த நொடியில் லேசாக இருமிவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டு "அம்மா, உள்ள எறும்பு ஊருது" என்றாள். அவ்வளவுதான். அரை மணி நேரம் உட்காரவைத்து, இருமல் அடங்கிவிட்டதா, குரல் மாறுகிறதா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் கால் கால் மில்லி ஆம்பியராக ஏற்றி, பிள்ளை தாங்குவதைப் பொறுத்து 1.5, 2 என்று கொண்டுபோவார்கள். இதற்கு ஆரம்பத்தில் அடிக்கடி போய்வர வேண்டும். சென்னைக்கோ வேலூருக்கோ அலைவது சுலபமில்லை, அதனால் எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள் என்பதோடு யார் ஏற்றித் தருவார்கள், பக்கத்தில் திருச்சியிலாவது அந்த வசதி உண்டா என்றும் முன்பே கேளுங்கள். புதிய மாடல்களில் தானாகப் படிப்படியாக ஏற முன்கூட்டியே அமைத்துவிடலாம், உங்கள் பையன் வயதுக்கு அதைச் செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

காந்தம் ஒன்று தருவார்கள், கையில் வளையம் மாதிரி கட்டிக்கொள்ளலாம். வலிப்பு ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால் அதைக் கருவிக்கு மேலே ஒரு விநாடி வைத்து எடுத்தால், கூடுதலாக ஒரு தூண்டல் போகும், சிலருக்கு வலிப்பு பாதியில் அறுந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி என்னிடம், "அப்ப நாங்க கையில இரும்புச் சாவி குடுத்ததும் சரிதானே தம்பி" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் நியாயமான சந்தேகம். காந்தம் மூளையை ஒன்றும் செய்வதில்லை, உள்ளே இருக்கிற பெட்டிக்கு "இப்ப வேலை செய்" என்று ஒரு சைகை, அவ்வளவே. பெட்டி இல்லாதவர் கையில் சாவி கொடுத்தால் சாவிதான். வலிப்பின்போது கையில் திணிப்பதோ வாயில் ஸ்பூன் வைப்பதோ வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணியைப் பாருங்கள்.

உங்கள் பையன் விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொப்பென்று விழுகிற வலிப்பு ஒன்றிரண்டு விநாடியில் முடிந்துவிடும், காந்தத்தை எடுப்பதற்குள் அவன் தரையில் இருப்பான். வலிப்பு வரும்போது இதயத் துடிப்பு கூடுவதை உணர்ந்து தானாகத் தூண்டுகிற மாடல்கள் வந்திருக்கின்றன, நல்ல விஷயம்தான், துடிப்பு கூடுகிற வகை வலிப்பு உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் விழுகிற வலிப்புக்கு அதுவும் பிந்திவிடும். அவனுக்கு உதவப்போவது நாள் முழுக்க ஓடுகிற அந்த 30 விநாடித் தூண்டல்தான். அதனால் தானியங்கி மாடலுக்காகக் கூடுதல் விலை சொன்னால், இவனுக்கு அது தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கருவியைப் பற்றி முடிவெடுக்கும் வரை, இந்த வாரமே, மெத்தென்ற தலைக்கவசம் ஒன்று வாங்கிப் போடுங்கள். அடுத்த தையலை அது மிச்சப்படுத்தும்.

தொல்லைகள்: தூண்டுகிற 30 விநாடியில் குரல் கரகரக்கும், இருமல், தொண்டையில் கூச்சம், ஓடும்போது மூச்சு வாங்கல். பெரும்பாலும் மாதங்களில் பழகிவிடும், இல்லாவிட்டால் அளவைக் குறைத்தால் சரியாகும். திருவையாறு பக்கத்தில் பாட்டு கற்கிற ஒரு பிள்ளை பாடுகிற நேரம் மட்டும் காந்தத்தை நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொள்ளும். வைத்திருக்கிற வரை கருவி நிற்கும், எடுத்தால் தொடரும். ஏற்கெனவே சாப்பிடும்போது புரையேறுகிற பிள்ளை, தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நிற்கிற பிள்ளை என்றால் முன்பே சொல்லுங்கள், அது கூடலாம். நூறில் சிலருக்குச் சீழ் பிடித்துக் கருவியை எடுக்க வேண்டிவரும். அபூர்வமாகக் குரல் நாண் பாதிப்பு. கம்பி ஒடிவதும் உண்டு. நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று வலிப்பு கூடினாலோ கழுத்தில் சுரீரென்று குத்தினாலோ உடனே போய்ச் சோதிக்க வேண்டும். தோலுக்கு அடியில் தட்டுப்படுகிறதே என்று பெட்டியைத் திருகி விளையாடுகிற பயல்களும் இருக்கிறார்கள், கையைத் தட்டிவிடுங்கள்.

பிசியோதெரபிக்குப் போகிறீர்கள் என்றால் சூடு கொடுக்கிற டயாதெர்மி இவனுக்குக் கூடவே கூடாது என்று சீட்டில் எழுதி வாங்கி அங்கே காட்டுங்கள், கம்பி சூடாகி நரம்பு வெந்துவிடும். கோயில் திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு நிற்க விடாதீர்கள், உள்ளே காந்தம் இருக்கிறது, ஒரு சாண் தள்ளி நின்றால் போதும். மற்றபடி பள்ளிக்கூடம், விளையாட்டு, செல்போன் எதற்கும் தடையில்லை. தண்ணீர்தான் எனக்குப் பயம். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நம் பிள்ளைகளைப் படித்துறையிலிருந்து பிரிக்க முடியாது. கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் இல்லாமல் ஆறு, குளம், வாய்க்கால் எதுவும் வேண்டாம். வீட்டில் குளித்தால் வாளித் தண்ணீரில் கதவைத் தாழிடாமல். அப்புறம், வலிப்பு 5 நிமிஷத்தைத் தாண்டினால் காந்தத்தை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டர் எழுதித் தந்த மிடாசோலாம் மூக்கு ஸ்ப்ரேயை அடித்துவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும்.

மூளைக்குள்ளேயே மின்முனை வைக்கிற கருவிகளைப் பற்றி வீட்டுக்காரர் செய்தி அனுப்பியிருக்கிறார் என்றீர்களே. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியில் 2023இல் 12 வயதுப் பையனுக்கு மண்டை ஓட்டிலேயே பொருத்திய கருவி வைத்து, பகல் நேர வலிப்பு 80 சதவீதம் குறைந்ததாக 2024இல் செய்தி வந்தது. அவனுக்கும் லெனாக்ஸ்-காஸ்டோதான். நம்பிக்கை தருகிற செய்தி, ஆனால் அது ஆராய்ச்சிக் கட்டம். அமெரிக்காவில் மூளைக்குள் வைக்கிற ரெண்டு வகைக் கருவிகளுக்கு 2013இலும் 2018இலும் அனுமதி கொடுத்தபோது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். காதில் மாட்டுகிற கருவி என்று விற்கிறார்களே, ஆபரேஷன் இல்லை என்பது வசதி, ஆனால் உள்ளே வைக்கிறதற்கு இருக்கிற அளவு ஆதாரம் அதற்கு இல்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

காசு. கருவி மட்டுமே பல லட்சம், ஆஸ்பத்திரிச் செலவு தனி. இதில் எல்லோரும் கேட்க மறக்கிறது, பேட்டரி. வைத்திருக்கிற அளவைப் பொறுத்துச் சில வருஷங்களில் தீரும், அப்போது நெஞ்சுப் பெட்டியை மாற்ற வேண்டும். கழுத்துக் கம்பியைத் தொட மாட்டார்கள், ஆபரேஷன் சின்னது, பில் சின்னதில்லை. ஏழு வயதுப் பிள்ளை என்றால் வாழ்நாளில் அது பலமுறை வரும். இப்போதே எழுத்தில் கேளுங்கள்: கருவி எவ்வளவு, ஆஸ்பத்திரி எவ்வளவு, பெட்டி மாற்ற இன்றைய விலை எவ்வளவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு (வருமான வரம்பு 1,20,000). இந்தக் கருவி அதில் அடங்குமா என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் வழவழா கொழகொழா என்றுதான் பதில் வரும். பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும் மதிப்பீட்டுச் சீட்டோடு முன்கூட்டியே போட வேண்டும். வீட்டுக்காரர் கடன் வாங்குவதைப் பற்றி நான் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முன்பரிசோதனை முடியாமல் கருவிக்குக் கடன் வாங்குவது வேண்டாம் என்பதைச் சொல்வேன், அந்தக் காசில் ஒரு பகுதி வீடியோ ஈஇஜிக்கும் எம்ஆர்ஐக்கும் போனால் அதுதான் முதல் செலவு.

போகும்போது எல்லா எம்ஆர்ஐ சிடியும், இதுவரை கொடுத்த மருந்தெல்லாம் எந்த அளவில், எப்போது தொடங்கி ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு தாளும் வேண்டும். இன்றிலிருந்தே காலண்டர் அட்டையில் வலிப்பை எழுதுங்கள், விழுந்ததற்கு ஒரு குறி, விறைத்ததற்கு வேறு குறி. கருவி வைத்த பிறகு குறைந்ததா என்று சொல்ல அந்த அட்டை ஒன்றுதான் சாட்சி, ஞாபகத்தை நம்பினால் மாமியார் ஒரு எண் சொல்வார், நீங்கள் ஒரு எண் சொல்வீர்கள். போனில் ரெண்டு வகை வலிப்பையும் வீடியோ எடுத்து வையுங்கள், முகமும் ரெண்டு கையும் தெரிய, போர்வையை விலக்கிவிட்டு. சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் போவதாக இருந்தால் பையனுக்குக் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள். ராத்திரி மாத்திரையை ரயில் ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட்டு, காலை வேளை மாத்திரையைப் பெட்டிக்குள் போடாமல் உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.